வேலைக்குப் போய்க்கொண்டே கணினி படிக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

மாலை நேரக் கல்லூரி வகுப்புகளிலும் தொலைநிலைப் படிப்புகளிலும் கணினி கற்கச் சேர்ந்துவிட்டு, வேலையையும் விட முடியாமல் வகுப்பையும் தொடர முடியாமல் தவிக்கும் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் ஐந்தை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். முதல் கேள்விக்கான பதில் நீளமானது. அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கும் பலருக்கும் அது பொருந்தும் என்பதால் சுருக்கவில்லை.

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஜாப் ஒர்க் செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்கு உதவியாளராக இருக்கிறேன். பி.காம். முடித்திருந்தும், டாலி என்ற கணக்கு மென்பொருளில் பில் போடுவதைத் தாண்டிக் கணினியில் எதுவும் தெரியாது. அதனால் ஒரு கல்லூரியில் ஆறு மாத மாலை நேரக் கணினிப் பயிற்சியில் சேர்ந்தேன். திங்கள், புதன், வெள்ளி மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை வகுப்பு. தொடக்கத்தில் ஒழுங்காகப் போனேன். இப்போது மாதத்தின் முதல் இருபது நாள்களில் பாதி வகுப்பு தவறிவிடுகிறது. போன நாள்களிலும் நடத்தியது மனத்தில் நிற்பதில்லை. வீட்டுக்கு வந்து சமைத்து முடிக்கும்போது இரவு பத்தாகிவிடுகிறது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்கிறேன். வேலையை விட்டுவிட்டுப் படிப்பை முடிக்கட்டுமா, அல்லது படிப்பை நிறுத்திவிடட்டுமா? (வாசகி, திருப்பூர்)

பதில்: இரண்டும் வேண்டாம். ஆறு மாதச் சான்றிதழுக்காக, மாதச் சம்பளம் தரும் வேலையை விடுவது எந்த வகையிலும் சரியான கணக்கு அன்று. கட்டணம் கட்டிச் சேர்ந்த படிப்பைப் பாதியில் நிறுத்துவதற்கும் இன்னும் காரணம் வரவில்லை. ‘முதல் இருபது நாள்களில்’ என்று நீங்கள் எழுதியிருப்பதில்தான் உங்கள் சிக்கலுக்கான விடை இருக்கிறது.

கணக்குப் பிரிவில் இருப்பவரின் மாதம் சீராக நகர்வதில்லை. 7-ஆம் தேதிக்குள் டிடிஎஸ் (பிறருக்குத் தரும் தொகையிலிருந்து பிடித்த வரி) செலுத்த வேண்டும். மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்யும் நிறுவனமானால் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 15-ஆம் தேதிக்குள் பி.எஃப். மற்றும் இ.எஸ்.ஐ., 20-ஆம் தேதிக்குள் வரி கட்டுவதற்கான சுருக்கக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி என்று கெடு நாள்கள் வரிசையாக நிற்கும். கிழமைகளைக் கொண்டு கல்லூரி வகுத்த அட்டவணையும், தேதிகளைக் கொண்டு ஓடும் உங்கள் வேலையும் மோதிக்கொள்வது இயல்புதான். இதில் உங்கள் சோம்பலோ திறமைக் குறைவோ எதுவும் இல்லை. ஒரு தாள் நாள்காட்டியை எடுத்து, ஒவ்வொரு கெடு நாளையும் அதற்கு முந்தைய நாளையும் சிவப்பில் குறியுங்கள். மொத்தம் எட்டு நாள்கள் வரும். வாரத்துக்கு மூன்று வகுப்பு என்னும்போது அவற்றில் மூன்று அல்லது நான்கு நாள்கள்தான் வகுப்பு நாளாக அமையும். மீதமுள்ள முக்கால் பங்கு வகுப்புகளுக்கு உங்களால் போக முடியும். பெரும்பாலான கல்லூரிகள் கேட்கும் வருகைப் பதிவும் ஏறக்குறைய அந்த அளவுதான். உங்கள் பயிற்சிக்கு அந்த விதி எவ்வளவு என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, தவறப்போகும் நாள்களைப் பயிற்றுநரிடம் மாதத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். முன்கூட்டியே சொன்னவருக்கு ஆய்வகத்தில் வேறொரு நாள் இடம் தருவதற்குப் பெரும்பாலான ஆசிரியர்கள் தயங்குவதில்லை. வராமல் இருந்துவிட்டுப் பிறகு காரணம் சொல்பவருக்குத்தான் தயங்குவார்கள்.

அந்தச் சிவப்பு நாள்களையும் குறைக்க முடியும். ஜிஎஸ்டிஆர்-1 என்பது உங்கள் நிறுவனமே போட்ட விற்பனை பில்களின் பட்டியல். மாதக் கடைசி நாளிலேயே அவை அனைத்தும் உங்கள் கையில் இருக்கின்றன. ஆகவே அந்த வேலையைப் பத்தாம் தேதி இரவு வரை தள்ளிப்போட வேண்டிய அவசியம் இல்லை. ஐந்தாம் தேதிக்குள் பட்டியலைத் தயார் செய்துவிடலாம். ஜிஎஸ்டிஆர்-3பி அப்படிப்பட்டது அன்று. உங்கள் நிறுவனத்துக்குப் பொருள்கள் விற்றவர்கள் தாக்கல் செய்த விவரங்களைத் தொகுத்து வரும் 2பி அறிக்கை 14-ஆம் தேதிதான் கிடைக்கும். அதை உங்கள் கொள்முதல் பதிவேட்டோடு ஒப்பிட்டு, எந்த பில்லுக்கு வரி வரவு (கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்கலாம், எதற்கு எடுக்க முடியாது என்று பார்த்த பிறகே 3பி தாக்கல் செய்ய முடியும். எனவே மாதத்தில் நகர்த்த முடியாத நெருக்கடி 14 முதல் 20 வரையிலான ஒரு வாரம்தான்.

அந்த வாரத்தில் உங்கள் நேரத்தை விழுங்கும் வேலைக்கான கருவியைத்தான் உங்கள் வகுப்பு கற்றுத்தருகிறது. ஒப்பிடும் வேலையை இரண்டு பட்டியல்களை அச்செடுத்து, அடிக்கோல் வைத்து, பென்சிலால் ஒவ்வொன்றாக டிக் அடித்துச் செய்யும் அலுவலகங்கள் இன்றும் நிறைய உண்டு. எக்செல்லில் அதைச் செய்யும் முறை இதுதான்: 2பி கோப்பை ஜிஎஸ்டி இணையதளத்திலிருந்து எக்செல் வடிவில் இறக்கிக்கொள்ளுங்கள், டாலியிலிருந்து கொள்முதல் பதிவேட்டையும் எக்செல்லுக்கு ஏற்றுமதி செய்யுங்கள். இரண்டு தாள்களிலும் ஒரு புதிய பத்தியைச் சேர்த்து, விற்றவரின் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணையும் பில் எண்ணையும் ‘அண்ட்’ (&) குறியால் ஒட்டி ஒரே சொல்லாக்குங்கள். பிறகு ஒரு தாளில் உள்ள அந்தச் சொல்லை மற்றத் தாளில் தேடும்படி வி-லுக்அப் சூத்திரத்தை எழுதுங்கள். சூத்திரத்தின் கடைசி இடத்தில் சுழியம் போட மறக்கக் கூடாது. அதை விட்டுவிட்டால் துல்லியமாகப் பொருந்தாததையும் பொருந்தியதாகக் காட்டி உங்களை ஏமாற்றிவிடும். தேடும் பரப்பை எஃப்-4 விசையை அழுத்தி டாலர் குறியால் பூட்டுங்கள். பூட்டாமல் சூத்திரத்தைக் கீழே இழுத்தால் பரப்பும் கூடவே இறங்கி, மேலே உள்ள பில்கள் தேடலிலிருந்து விடுபட்டுப்போகும்.

முதல் தடவை பாதி வரிகளில் ‘என்.ஏ.’ (#N/A, அதாவது கிடைக்கவில்லை) என்றே வரும். பயப்பட வேண்டாம். நாம் ‘0125’ என்று பதிந்த பில்லை விற்றவர் ‘125’ என்று தாக்கல் செய்திருப்பார். ஒருவர் சாய்கோடு போட்ட இடத்தில் மற்றவர் சிறுகோடு போட்டிருப்பார். எண்ணுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். இடைவெளியை ‘டிரிம்’ என்ற சூத்திரம் நீக்கிவிடும். குறிகளைக் ‘கண்டறிந்து மாற்று’ வசதியால் சீராக்கலாம். இவ்வளவும் செய்த பிறகும் மிஞ்சுகிற சில வரிகள்தான் மனிதர் பார்க்க வேண்டியவை. அவற்றுக்கு மட்டும் நீங்கள் தொலைபேசியை எடுத்தால் போதும். இதை உங்கள் மேசையில் இரண்டு மாதம் செய்துவிட்டால், நெருக்கடி வாரமே உங்களுக்கு இளகிவிடும். அந்த வாரத்து வகுப்புக்கும் போக முடியும். படிப்பு வேலையை லேசாக்கி, லேசான வேலை மீண்டும் படிப்புக்கு வழிவிட வேண்டும். பணியில் இருந்துகொண்டு படிப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இதைத்தான்: வகுப்பில் எது நடந்தாலும், ‘இது என் மேசையில் எந்த வேலைக்கு ஆகும்?’ என்ற கேள்வியோடு உட்காருங்கள்.

நடத்தியது மனத்தில் நிற்பதில்லை என்கிறீர்கள். மறதியைப் பற்றித் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி ஆராய்ந்த ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ், கற்றதில் பெரும்பகுதி முதல் ஒரு நாளுக்குள்ளேயே நழுவிவிடுகிறது என்பதை 1885-லேயே எழுதிவைத்தார். இரவு எட்டு மணிக்கு முடியும் வகுப்பை அடுத்த நாளே தொடாவிட்டால் அது போய்விடும். ஆகவே செவ்வாய், வியாழன், சனி காலைகளில் வேலை தொடங்குவதற்கு முன் அரை மணி நேரம் அலுவலகக் கணினியிலேயே, முந்தைய நாள் குறிப்பைப் பார்க்காமல் அதே பயிற்சியை ஒரு முறை செய்து பாருங்கள். இரவில் உறக்கத்தைக் குறைத்துக்கொண்டு படிக்கும் வழியை நான் சொல்ல மாட்டேன். எண்களோடு வேலை செய்பவர் தூக்கக் கலக்கத்தில் ஒரு இலக்கத்தை மாற்றிப் போட்டால் அதைத் தேடி எடுக்க ஒரு நாள் போய்விடும். ஒரு எச்சரிக்கையும் உண்டு: நிறுவனத்தின் கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு கல்லூரிக்கோ வீட்டுக்கோ போகாதீர்கள். அங்கே பயிற்சி செய்வதற்குப் பெயரையும் எண்ணையும் மாற்றி இருபது வரியில் ஒரு போலிப் பட்டியலை நீங்களே தயாரித்துக்கொள்ளலாம்.

முதலாளியிடம் பேசுவதற்கும் இதுவே வழி. ‘படிக்கிறேன், சீக்கிரம் விடுங்கள்’ என்று கேட்பதைவிட, 2பி ஒப்பீட்டை எக்செல்லில் முடித்துக் காட்டிவிட்டு, ‘திங்கள், புதன், வெள்ளி ஐந்தரைக்குக் கிளம்ப அனுமதி வேண்டும், அந்த நாள்களில் காலையில் அரை மணி முன்னதாக வந்துவிடுகிறேன், 19, 20 தேதிகளில் முழுவதும் இருப்பேன்’ என்று தேதியோடு கேளுங்கள். எழுத்தில் கொடுத்தால் இன்னும் நல்லது.

சமையலைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் அது சிறியது என்பதன்று. வாரத்தில் மூன்று மாலைகள் வீட்டில் இருக்க முடியாத ஒருவர் அந்த மூன்று இரவுகளிலும் சமைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. அதை ஓர் உதவியாகக் கெஞ்சிக் கேட்காதீர்கள். இன்னும் இத்தனை வாரத்துக்கு இந்த மூன்று நாள் இரவு உணவை யார் பார்த்துக்கொள்வது என்று வீட்டில் உட்கார்ந்து பேசி, பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். வயது வந்த ஒருவருக்கு வாரத்தில் மூன்று நாள் தோசை வார்ப்பதோ சாதம் வடிப்பதோ பெரிய சுமை ஆகாது.

இத்தனைக்குப் பிறகும் இரண்டு மாதம் தொடர்ந்து பாதிக்கு மேல் வகுப்பு தவறினால், படிப்பை விட்டுவிடாமல் அடுத்த பிரிவுக்கு மாற்றித் தரும்படி கல்லூரியிடம் கேளுங்கள். கட்டிய கட்டணம் அங்கே செல்லும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சென்னை தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் ஆறு ஆண்டுகளாக விற்பனையாளராக இருக்கிறேன். பிளஸ் 2 வரை படித்திருக்கிறேன். பில்லிங் பிரிவுக்கு மாற விரும்புகிறேன். கணினிச் சான்றிதழ் கேட்கிறார்கள். காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பதரைக்குத்தான் வீடு. எந்தப் படிப்பில், எப்போது சேர்வது? (வாசகர், சென்னை)

பதில்: எப்போது என்பதை முதலில் தீர்த்துக்கொள்வோம். ஜவுளிக்கடையில் இருப்பவர் ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் இடையில் எந்தப் படிப்பிலும் சேரக் கூடாது. சேர்ந்தால் கட்டணம்தான் போகும். பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு, ஜனவரிக் கடைசியில் தொடங்கி ஆடிக்கு முன் முடியக்கூடிய படிப்பாகப் பாருங்கள். இடையில் முகூர்த்த நாள்களிலும், பள்ளிச் சீருடை விற்கும் நாள்களிலும் கூட்டம் இருக்கும் என்றாலும், அவை முன்கூட்டியே தெரிந்த நாள்கள். மாலை வகுப்பு உங்களுக்கு ஒத்துவராது. காலை ஏழு மணிப் பிரிவையோ, உங்கள் வார விடுமுறை நாளில் நடக்கும் பிரிவையோ கேளுங்கள்.

படிப்பைப் பொறுத்தவரை, மத்திய அரசின் நீலிட் நிறுவனம் நடத்தும் சி.சி.சி. என்ற அடிப்படைக் கணினிச் சான்றிதழ் உங்கள் நிலைக்குப் பொருத்தமானது. 80 மணி நேரப் பாடத்திட்டம். அதில் பெரும்பகுதி செய்முறை. குறைந்தபட்சக் கல்வித் தகுதி எதுவும் கேட்பதில்லை. பயிற்சி நிலையத்தில் சேராமல் நீங்களாகவே படித்தும் தேர்வு எழுதலாம். தேர்வில் 90 நிமிடத்தில் 100 கொள்குறி வினாக்கள்; 50 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. வார விடுமுறை நாளில் நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் இருபது வாரத்தில் 80 மணி நேரம் நிறைந்துவிடும். பொங்கலுக்கும் ஆடிக்கும் இடையில் அதற்கு இடம் இருக்கிறது. தேர்வு எந்த மொழியில் நடக்கிறது என்பதை விண்ணப்பிக்கும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள்.

சான்றிதழ் மட்டும் உங்களைப் பில்லிங் மேசையில் உட்காரவைத்துவிடாது. அங்கே வேண்டியது எண் விசைகளில் பார்க்காமல் ஓடும் விரலும், பார்கோடு படிக்காதபோது சரக்கு எண்ணைத் தட்டித் தேடும் பழக்கமும்தான். வார நாள்களில் மதியம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை கடையில் கூட்டம் குறைவாக இருக்கும் நேரத்தில், பில்லிங் பிரிவில் இருப்பவரின் பக்கத்தில் நின்று பார்க்க மேற்பார்வையாளரிடம் அனுமதி கேளுங்கள். ஆறு ஆண்டு அனுபவம் உள்ளவருக்குத் துணியின் வகையும் விலையும் மனப்பாடம். புதிதாக வரும் கணினி படித்த பிள்ளைகளிடம் இல்லாத பலம் அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன்படி வழக்கமான வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. மிகைநேரத்துக்கும் வரம்பும் தனி ஊதியமும் உண்டு. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை தந்தே ஆக வேண்டும். 2021-இல் செய்யப்பட்ட திருத்தம் பணியாளர்கள் உட்கார இருக்கை வசதி தர வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால்களோடு யாரும் படிக்க முடியாது. தனியாகப் போய்ச் சண்டையிடச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் வார விடுமுறையை ‘கூட்டம் அதிகம்’ என்று சொல்லி எடுத்துக்கொள்ளும்போது, சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்ற தெளிவோடு பேசுங்கள்.

கேள்வி: தஞ்சாவூரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சராக இருக்கிறேன். தமிழ் ஹையரும் ஆங்கிலம் லோயரும் முடித்திருக்கிறேன். குரூப் 4 தட்டச்சர் பணிக்குத் தயாராகிறேன். சி.ஓ.ஏ. படிப்பை இப்போதே முடிக்க வேண்டுமா? தமிழ்த் தட்டச்சில் தட்டச்சுப்பொறி முறையிலேயே பழகிவிட்டேன்; தமிழ்99 கற்க நேரமில்லை. (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்தும் அலுவலகத் தன்னியக்கக் கணினிச் சான்றிதழைத்தான் சி.ஓ.ஏ. என்கிறோம். அது இல்லாமலும் தட்டச்சர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வானால், தகுதிகாண் பருவத்துக்குள் அதில் தேர்ச்சி பெற வேண்டும் என்பது விதி. ஆனாலும் முன்பே முடித்துவிடுங்கள் என்பதே என் கருத்து. புதிய அரசுப் பணியில், தெரியாத ஊரில், முதல் ஆண்டில் இந்தத் தேர்வையும் தூக்கிக்கொண்டு அலைவது வீண் அலைச்சல். அறிவிக்கை வெளிவந்தவுடன் அதில் உள்ள தகுதிப் பகுதியை வரி விடாமல் படித்துக்கொள்ளுங்கள்.

வழக்கறிஞர் அலுவலகத்தில் இருப்பவருக்கு மே மாதம் ஒரு வரம். உரிமையியல் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறை என்பதால், உங்கள் அலுவலகம் குற்றவியல் வழக்குகளை மட்டுமே நம்பியிருந்தாலொழிய, அந்த மாதம் மனு அடிக்கும் வேலை பாதியாகக் குறையும். செய்முறைப் பகுதி முழுவதையும் அந்த மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோட்பாட்டுப் பகுதியை மற்ற மாதங்களில் பேருந்திலும் படிக்கலாம்.

தமிழ்99-க்கு நேரமில்லை என்று சொல்லாதீர்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை அடுத்துத் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய விசைப்பலகை அது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கம் என்று பிரித்திருப்பதால் இரு கைகளும் மாறி மாறி ஓடும். தட்டச்சுப்பொறியில் கொம்பையும் காலையும் கண்ணால் பார்க்கும் வரிசையில் அடித்துப் பழகியவருக்கு இது முதலில் தலைகீழாகத் தோன்றும். ஏனெனில் இங்கே ‘கொ’ என்பதற்கு க, ஒ என்ற இரண்டு விசைகள் மட்டும்தான். புள்ளியும் பெரும்பாலும் தானாகவே விழும்: ம விசையை இரு முறை அடித்தால் முதல் மகரத்துக்குப் புள்ளி வந்துவிடும், ந-வை அடுத்து த அடித்தாலும் அப்படியே. ‘பந்து’ என்று எழுத ப, ந, த, உ என்ற நான்கு தட்டல்கள் போதும்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்வதால் விரல் பழகாது. நாள்தோறும் காலையில் இருபது நிமிடம் அடித்தால்தான் பழகும். அலுவலக வேலையை உடனே புதிய முறைக்கு மாற்றிவிடாதீர்கள். வேகம் குறைந்து வழக்கறிஞரிடம் பேச்சு வாங்க நேரும். ஒரு பக்கக் கடிதம், சிறு அறிவிப்பு என்று நெருக்கடி இல்லாத தாள்களை மட்டும் முதலில் தமிழ்99-இல் அடியுங்கள். அவற்றை ஒருங்குறி (யூனிகோட்) எழுத்துருவில் அடிப்பது முக்கியம். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளாகத் தெரியும். தமிழ்நாடு அரசு 2010-இலேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டுவிட்டது. நாளைக்கு அரசு அலுவலகத்தில் உட்காரப் போகிறவர் அதிலேயே பழகுவதுதான் முறை.

கேள்வி: வீட்டில் கணினி இல்லை. செல்பேசியிலேயே பயிற்சி செய்தால் போதாதா? (வாசகர், மதுரை)

பதில்: போதாது. விளக்கக் காணொளி பார்க்கவும் குறிப்பு படிக்கவும் செல்பேசி போதும். அட்டவணையும் சூத்திரமும் விசைப்பலகையில்தான் கைக்கு வரும். உறவினர் வீட்டில் யாருக்கேனும் பிளஸ் 2 படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினி கிடப்பில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். 2011 முதல் பல ஆண்டுகள் கொடுக்கப்பட்டதால் அநேகமாக ஒன்று அகப்படும். பழையது என்று ஒதுக்க வேண்டாம். லிபர் ஆபீஸ் என்ற இலவச மென்பொருளை அதில் நிறுவிக்கொண்டால் அடிப்படைப் பயிற்சிகள் அனைத்தையும் செய்யலாம். அதுவும் கிடைக்காவிட்டால், கல்லூரி ஆய்வகம் வகுப்பு இல்லாத நேரத்தில் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் ஊரில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தையும் ஒரு முறை போய்ப் பாருங்கள். வீட்டில் இடமும் அமைதியும் இல்லாதவர்களுக்கு அப்படி ஒரு நூலகம் இருப்பது பெரிய துணை.

கேள்வி: ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும் வேலை. டிப்ளமோ படித்திருக்கிறேன். பைத்தான் நிரலாக்கம் கற்க ஒரு கல்லூரியின் மாலைப் பிரிவில் சேர்ந்து, இரண்டாம் ஷிப்ட் வந்த வாரங்களில் போக முடியாமல் விட்டுவிட்டேன். என்னைப் போன்றவர்களுக்கு வேறு வழியே இல்லையா? (வாசகர், ஓசூர்)

பதில்: இருக்கிறது. குறிப்பிட்ட மணிக்கு நேரில் வரச் சொல்லும் எந்தப் படிப்பும் சுழலும் ஷிப்டில் இருப்பவருக்குப் பொருந்தாது. அது உங்கள் விடாமுயற்சியைப் பற்றிய தீர்ப்பு ஆகாது. உங்களுக்குத் தேவை, நாள் கணக்கில் அன்றி வாரக் கணக்கில் கெடு வைக்கும் படிப்பு. ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் திட்டம், மத்திய அரசின் ஸ்வயம் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் வழியே வழங்கும் பாடங்கள் அப்படிப்பட்டவை. 4, 8, 12 வாரங்கள் என்று மூன்று அளவுகளில் வருகின்றன. ஜனவரியிலும் ஜூலையிலும் புதிய பருவம் தொடங்குகிறது. பைத்தானுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பாடங்கள் இருக்கின்றன. சேர்ந்து படிப்பதற்குக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுபவர் மட்டும் தேர்வுக் கட்டணம் செலுத்தி, ஒரு மையத்துக்கு நேரில் போய்த் தேர்வு எழுத வேண்டும். வாராந்தர ஒப்படைப்புகளுக்கு 25, தேர்வுக்கு 75 என்று மதிப்பெண் பிரிகிறது. 12 வாரப் பாடத்தில் சிறந்த எட்டு ஒப்படைப்புகளையே கணக்கில் எடுப்பதால், ஷிப்ட் கடுமையாக இருக்கும் ஒன்றிரண்டு வாரங்கள் தவறினாலும் குடி முழுகிப் போய்விடாது.

வாரங்களை ஒரே மாதிரி நடத்தாதீர்கள். முதல் ஷிப்ட் வரும் வாரத்தில் பிற்பகல் இரண்டு மணிக்கு வெளியே வருகிறீர்கள்; சற்றுத் தூங்கி எழுந்து மாலையில் நிரல் எழுதிப் பார்ப்பதற்கு அதுவே சிறந்த வாரம். கடினமான ஒப்படைப்புகளை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ஷிப்டில் காலை நேரம் உங்களுடையது; ஆனால் பகல் முழுவதும் வீட்டு வேலை இழுக்கும் என்பதால் ஒன்பது முதல் பதினொன்று வரை என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். இரவு ஷிப்ட் வாரத்தில் புதிய பாடம் எதையும் தொடங்க வேண்டாம். விடியற்காலை ஆறு மணிக்கு வந்து படித்துவிட்டுத் தூங்கலாம் என்று தோன்றும். அந்த நேரத்தில் படித்தது நிற்காது, தூக்கமும் கெடும், அடுத்த இரவு இயந்திரத்தின் முன் நிற்பவருக்கு அது ஆபத்து. எழுந்த பிறகு மாலையில், முன்பு எழுதிய நிரல் ஒன்றைத் திறந்து வரிவரியாகப் படித்தால் போதும். நிரலாக்கத்தில் படிப்பதும் பயிற்சிதான்.

தொழிற்சாலையில் உங்கள் கண் முன்னே கிடக்கும் கணக்குகளிலிருந்தே பயிற்சிக்கு விஷயம் எடுங்கள். ஒரு ஷிப்டில் எத்தனை உதிரிகள் வந்தன, அவற்றில் எத்தனை கழிக்கப்பட்டன, எந்த மணியில் கழிவு கூடுகிறது என்பதைக் கற்பனை எண்களை வைத்துப் பத்து வரி நிரலில் எழுதிப் பாருங்கள். பட்டியல், சுழற்சி, நிபந்தனை மூன்றும் அதில் வந்துவிடும்.

தேர்வு நாள்கள் பாடம் தொடங்கும்போதே அறிவிக்கப்பட்டுவிடும். அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய இரவு உங்களுக்கு ஷிப்ட் விழாதபடி மாற்றித் தரச் சம்மதிக்கும் சக பணியாளர் ஒருவரிடம் ஒரு மாதம் முன்பே பேசி, மேற்பார்வையாளரிடம் இருவரும் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுங்கள்.